‘நீங்க’ யாருக்கு?

சென்ற இதழ் அச்சாகி பைண்டிங்கில் இருந்த நாள். பிழைதிருத்தத்துக்காக அண்மையில் எங்களோடு சேர்ந்த ஈரோட்டுப் பெண்ணும் உடன் வந்திருந்தார். மடித்த பாரங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த பெரியவரிடம், “ஐயா, அந்த மூணாவது பாரத்தைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க” என்றார். பெரியவர் எடுக்கவில்லை. திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். அங்கே சுவரும் மைதாப் பசை வாளியும்தான் இருந்தன. கேட்டது தன்னைத்தான் என்று புரிந்துகொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. முதல் இதழிலிருந்து மடித்து, ஒட்டி, ஓரம் வெட்டித் தருபவர் அவர்தான். அச்சகத்தில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லி ‘வா, போ’ என்பார்கள். அவர் எல்லோரையும் ‘சார்’ என்பார். நாங்களும் இத்தனை ஆண்டுகள் அப்படியே பேசிவந்தோம். சமத்துவம் பற்றி இந்த இதழில் வந்த ஒவ்வொரு கட்டுரையும் அவர் கை பட்டுத்தான் வாசகருக்குப் போனது. அன்று அவர் திரும்பிப் பார்த்தது எங்களைத் தலைகுனிய வைத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

ஒருமையில் பேசுவதே மரியாதைக் குறைவு என்று நாங்கள் சொல்லவரவில்லை. அம்மாவை ‘நீ’ என்கிறோம், சாமியையும் ‘நீ’ என்கிறோம். பள்ளித் தோழன் அறுபது வயதில் திடீரென்று ‘நீங்க’ என்றால் மனம் சுருங்கிப்போகும். ஊருக்கு ஊர் வழக்கும் வேறு. கொங்கு நாட்டில் குழந்தையிடம்கூட ‘வாங்க, சாப்பிடுங்க’ என்பவர்கள் உண்டு. நெல்லைப் பக்கம் ‘நீரு’ இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் நடுவே ‘நீர்’ இருக்கிறது. உறவின் நெருக்கத்தை இத்தனை நுணுக்கமாக அளக்கத் தெரிந்த மொழி இது. பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நாம் ‘நீ’ என்று சொல்லும் மனிதர் நம்மைத் திரும்ப ‘நீ’ என்று சொல்ல முடியுமா? முடியும் என்றால் அது நெருக்கம். முடியாது என்றால் அது அதிகாரம்.

இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஊர்த்தெருச் சிறுவன் சேரிப் பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அவர் அந்தச் சிறுவனை ‘சின்னய்யா’ என்று அழைக்க வேண்டும். வயதுக்குத் தர வேண்டிய மரியாதையைச் சாதி பறித்துக்கொண்டது. நகரத்துக்குக் குடிவந்தபோது இந்த வழக்கத்தையும் சாமான்களோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். கூட்டத்தில் செல்பேசியை அமைதியில் வைக்கவும், அழைக்கும் முன் ‘பேசலாமா?’ என்று செய்தி அனுப்பவும், தோளில் இடித்துவிட்டால் ‘சாரி’ சொல்லவும் பழகியிருக்கிறோம். நல்ல பழக்கங்கள்தான். ஆனால் அடுக்குமாடி வாசலில், ஹெல்மெட்டிலிருந்து மழைநீர் வடிய உணவுப் பையோடு நிற்கும் ஐம்பது வயதுக்காரரிடம் இருபது வயது இளைஞன் செல்பேசியில், “எங்க நிக்கிற? மூணாவது மாடிக்கு வா” என்று பேசுவதை நாங்கள் கேட்டோம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தால் கொதிக்கிற நாம், நம் சமையலறை ஜன்னலோரம் கவிழ்த்துவைத்த அந்த டம்ளரை என்ன பெயர் சொல்லி அழைப்போம்?

“உரிமையோடுதான் சொல்றோம், அவங்க தப்பா எடுத்துக்க மாட்டாங்க” என்று சிலர் சொல்வார்கள். தப்பாக எடுத்துக்கொண்டால் வேலை போய்விடும் என்ற நிலையில் இருப்பவர் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

ஒருவரைப் பன்மையால் குறிப்பது வழக்கில் உள்ள உயர்சொல், அது இலக்கண நெறி அன்று என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் சொல்கிறது. அதாவது, மரியாதைப் பன்மையை எந்தப் புலவரும் விதி வகுத்துத் தரவில்லை. மக்கள்தான் பேசிப் பேசி உண்டாக்கினார்கள். மக்கள் உண்டாக்கியதை மக்களே எல்லோருக்கும் விரிக்கலாம். விளிக்கும் சொல் அற்பமானது என்று பெரியாரும் நினைக்கவில்லை. 1932இல் சோவியத் ரஷ்யாவும் ஐரோப்பாவும் சுற்றித் திரும்பியவர், பெயருக்கு முன்னால் போடும் அடைமொழிகளையெல்லாம் விட்டுவிட்டு எல்லோரையும் ‘தோழர்’ என்றே அழைக்கச் சொன்னார். நம் காலத்தில், 2021இல், காவலர்கள் பொதுமக்களை ‘எடா’, ‘எடி’, ‘நீ’ என்று விளிக்கக் கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. அங்கே காவல்துறைத் தலைவரின் சுற்றறிக்கையும் வந்தது. நம் காவல் நிலையங்களில் வேட்டியும் தோள்துண்டுமாகப் போய் நிற்பவருக்கு என்ன சொல் கிடைக்கிறது, காரில் போய் இறங்குபவருக்கு என்ன சொல் கிடைக்கிறது என்பதை யாரும் ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிடலாம்.

நம் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் சுற்றறிக்கை வராது. அங்கே குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாட்டி வயதுள்ள தூய்மைப் பணியாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு குழந்தை எங்கே கற்றது என்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. வாசகர்களை நாங்கள் கேட்டுக்கொள்வது இதுதான்: காவலாளி, பால் போடுபவர், குப்பை வண்டியோடு வருபவர், வீட்டில் பாத்திரம் துலக்குபவர் எல்லோரையும் நாளை காலையிலிருந்து ‘நீங்க’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் சில நாட்கள் நாக்கு புரளாது. எங்களுக்கும் புரளவில்லை. பாதி வாக்கியத்தில் ‘வா’ என்று வந்து, பிறகு ‘ங்க’ ஒட்டிக்கொண்டது. “எதுக்கு சார் புதுசா?” என்று பைண்டிங் பெரியவர் சங்கடப்பட்டார். “இத்தனை நாள் தப்பாப் பேசிட்டோம்ங்க” என்றோம். அவர் பதில் சொல்லாமல் பாரங்களைத் தட்டிச் சீராக்கிக்கொண்டிருந்தார்.

ஆசிரியர் குழு, ஓவியர், வடிவமைப்பாளர் பெயர்கள் வரும் பக்கத்தில் இந்த இதழ் முதல் பைண்டிங் செய்தவர் பெயரும் வருகிறது. எப்படிப் போடலாம் என்று அவரிடமே கேட்டோம். இனிஷியலோடு போடச் சொன்னார்.