பிரஜா உரிமைப் பரீட்சையும் நம்மவர் கடமையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் குடியேறி, அந்நாட்டுப் பிரஜைகளாக விரும்புகிறவர்களுக்கு அந்த அரசாங்கத்தார் வைத்திருக்கும் அறிவுப் பரீட்சை 2025-ம் வருஷம் அக்டோபர் மாதம் 20-ந் தேதி முதல் மாற்றப்பட்டுவிட்டது. அதற்கு முன் மனுச் செய்துகொண்டவர்களுக்கு 100 கேள்விகள் கொண்ட ஜாபிதாவிலிருந்து 10 கேள்விகள் வரை கேட்கப்படும். அவற்றில் 6-க்குச் சரியான விடை சொன்னால் போதும். அந்தத் தேதி முதல் மனுச் செய்துகொள்ளுகிறவர்களுக்கோ ஜாபிதாவில் உள்ள கேள்விகள் 128. கேட்கப்படுவது 20 வரை. சரியாகச் சொல்ல வேண்டியது 12. பிள்ளைகளையும் பெண்களையும் அந்நாட்டிற்கு அனுப்பியிருக்கும் நம் பக்கத்துப் பெற்றோர்கள் சிலர் இதைக் கேட்டு, "இனி நம்மவர்கள் தேற முடியுமா?" என்று கவலைப்படக் கூடும்.

கவலைப்பட இதில் ஒன்றுமில்லை என்பதே நமது அபிப்பிராயம். ஏனென்றால் அந்த 128 கேள்விகளும், அவற்றிற்குரிய விடைகளும், இரகசியமாய்ப் பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டவையல்ல. அரசாங்கத்தாரே அவற்றை அச்சிட்டு இனாமாகக் கொடுக்கிறார்கள். உத்தியோகஸ்தர் எதிரில் உட்கார்ந்து வாய்மொழியாகக் கேட்பார். 12 சரியானவுடன் நிறுத்திவிடுவார். 9 தவறினாலும் நிறுத்திவிடுவார். தவறியவர்களுக்கு 60 நாளிலிருந்து 90 நாளைக்குள் இரண்டாவது சந்தர்ப்பம் உண்டு. இங்கிலீஷ் பாஷைக்காக மூன்று வாக்கியங்களில் ஒன்றைச் சரியாகப் படிக்க வேண்டும். மூன்றில் ஒன்றைச் சொல்ல எழுத வேண்டும்.

நிற்க, நாம் இங்கு இவ்விஷயத்தைப் பற்றி எழுத வந்தது இந்தக் கணக்கைச் சொல்லுவதற்காக மாத்திரமல்ல. ஒரு மனிதனைப் பார்த்து, "நீ என்ன தெரிந்துகொண்டிருக்கிறாய்?" என்று கேட்கிற இந்த நிலைமைக்கு அந்த நாடு எப்படி வந்து சேர்ந்தது என்பதை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தப் பரீட்சைக்கு எந்த மனப்பான்மையோடு தயாராக வேண்டும் என்பது விளங்கும்.

1790-ம் வருஷத்தில் அந்நாட்டார் செய்த முதல் குடியுரிமைச் சட்டத்தில், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் "சுதந்திரமுள்ள வெள்ளை மனிதன்" மாத்திரமே பிரஜையாகலாம் என்று எழுதி வைத்தார்கள். 1870-ல் ஆப்பிரிக்க வம்சத்தாருக்கும் அந்த உரிமை கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்குக் கதவு சாத்தியே இருந்தது. அக்காலத்தில் நம் நாட்டவர் ஒருவர் எத்தனை கேள்விக்கு விடை சொன்னால்தான் என்ன? அவருடைய அறிவையா கேட்டார்கள்? தோலையல்லவா பார்த்தார்கள்!

பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திந்த் என்னும் சீக்கியரின் வழக்கே இதற்குப் போதுமான அத்தாட்சி. அவர் முதல் உலக யுத்த காலத்தில் அமெரிக்கப் பட்டாளத்தில் சேவை செய்தவர். அவருக்குப் பிரஜா உரிமை கொடுத்தது செல்லுமா என்ற விவகாரம் 1923-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிற்று. அங்கே அவர் கட்சியில் சொல்லப்பட்ட வாதம் என்ன தெரியுமா? "நான் உயர்ந்த ஜாதியைச் சேர்ந்த ஆரிய வம்சத்தவன், ஆதலால் வெள்ளையரோடு சேர்க்கத் தக்கவன்" என்பதேயாகும். நம் நாட்டில் கோடிக்கணக்கான மக்களைக் கீழே தள்ளுவதற்குப் பயன்பட்ட அதே பிறப்புப் பெருமையை அங்கே தங்களுக்கு ஏணியாக வைத்துப் பார்த்தார்கள். ஏணி முறிந்துவிட்டது. சாதாரண ஜனங்கள் யாரை வெள்ளையர் என்று நினைக்கிறார்களோ அவர்களே வெள்ளையர் என்றும், இந்தியர் அதில் சேர்ந்தவரல்ல என்றும் தீர்ப்பாயிற்று. அதன் பிறகு, முன்பே பிரஜைகளாகியிருந்த இந்தியர் பலருடைய உரிமையும் பிடுங்கப்பட்டது.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியதென்ன? பிறப்பை அளவுகோலாக ஒப்புக்கொண்டு வழக்காடுகிறவன், தன்னைவிட மேல் பிறப்பு என்று சொல்லிக்கொள்ளுகிறவன் ஒருவன் வந்தவுடன் தோற்றே தீருவான் என்பதுதான். ஒருவனைத் தாழ்த்துவதற்கு நாம் ஒப்புக்கொள்ளுகிற நியாயம், நாளைக்கு நம்மைத் தாழ்த்துவதற்கும் நியாயமாகத்தானே முடியும்?

1946-ல்தான் இந்தியர்கள் அந்நாட்டுப் பிரஜைகளாகலாம் என்று சட்டம் வந்தது. அப்பொழுதும் குடியேறுவதற்கு வருஷத்திற்கு 100 பேருக்குத்தான் இடம். பிரஜையாவதற்கு நிறமும் வம்சமும் தடையாயிருக்கக் கூடாது என்று பொதுவாகச் சட்டம் செய்தது 1952-ல். ஆகவே இன்று ஒருவர் உத்தியோகஸ்தர் எதிரில் உட்கார்ந்து 12 கேள்விகளுக்கு விடை சொல்லி எழுந்து வருகிறாரென்றால், அந்த நாற்காலி அவருக்குக் கிடைக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று என்பதை மறக்கக் கூடாது. பிறப்புக்கு யாரும் தயார் செய்துகொள்ள முடியாது. படிப்புக்கு எவனும் தயார் செய்துகொள்ளலாம். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் மனிதத்தன்மை முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஆனால், பரீட்சை என்று பேர் வைத்துவிட்டால் எல்லாம் யோக்கியமாகிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்த நாட்டின் தென்பாகத்து இராஜ்யங்களிலேயே, கறுப்பு மக்கள் ஓட்டுச் செய்யக் கூடாதென்பதற்காகப் படிப்புப் பரீட்சை ஒன்றை வைத்திருந்தார்கள். மிசிசிப்பி இராஜ்யத்தில் 1890-ம் வருஷத்து அரசியல் சட்டப்படி, சட்டத்தின் ஒரு பாகத்தைப் படிக்க வேண்டும், அல்லது படித்துச் சொல்லக் கேட்டுப் பொருள் சொல்ல வேண்டும். எந்தப் பாகத்தைக் கொடுப்பது, சொன்ன பொருள் சரியா தப்பா என்பதெல்லாம் உத்தியோகஸ்தன் இஷ்டம். அந்த உத்தியோகஸ்தன் வெள்ளைக்காரன். அப்படியானால் படிப்பில்லாத வெள்ளைக்காரன் கதி என்ன? லூசியானா இராஜ்யத்தார் 1898-ல் அதற்கும் வழி கண்டார்கள். 1867-ம் வருஷம் ஜனவரி மாதம் 1-ந் தேதியில் எவனுடைய தகப்பனுக்கோ பாட்டனுக்கோ ஓட்டு இருந்ததோ, அவனுக்குப் பரீட்சை வேண்டியதில்லை என்று எழுதிக்கொண்டார்கள். அன்றைக்குக் கறுப்பனுடைய பாட்டனுக்கு அங்கே ஏது ஓட்டு? முன்வாசல் வழியாகத் துரத்தப்பட்ட பிறப்பு, பாட்டன் பேரால் கொல்லைப்புறமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது! ஒக்லஹாமா இராஜ்யத்தார் செய்த இம்மாதிரிச் சட்டம் 1915-ல் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. ஆனாலும் படிப்புப் பரீட்சையின் புரட்டு 1965-ம் வருஷத்து ஓட்டுரிமைச் சட்டம் வருகிற வரையில் ஒழிந்தபாடில்லை. அந்தச் சட்டமும் சும்மா வரவில்லை. அவ்வருஷம் மார்ச்சு மாதம் 7-ந் தேதி செல்மா என்னும் ஊரில் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள் போலீசாரிடம் தடியடி பட்ட பிறகுதான் வந்தது.

ஆகவே யோக்கியமான பரீட்சைக்கும் புரட்டுப் பரீட்சைக்கும் அடையாளம் என்னவென்றால், கேள்வி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறதா, எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தானா, தவறியவனுக்கு மறுபடி வழி உண்டா என்ற மூன்றுமேயாகும். இப்பொழுதுள்ள பரீட்சையில் இந்த மூன்றும் இருக்கின்றன. இவற்றில் எதையாவது நாளைக்கு யாராவது எடுத்துவிடப் பார்த்தால், முதலில் எதிர்க்க வேண்டியவர்கள் அதில் தேறிப் பிரஜைகளானவர்களே.

இனி, தயார் செய்துகொள்ளும் விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மவர்களுக்கு நெட்டுருப் போடுவதில் உள்ள சாமர்த்தியம் உலகறிந்தது. அர்த்தம் தெரியாததை ஆயிரம் தரம் சொல்லிப் பழகியவர்களல்லவா நாம்! 128 விடைகளையும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துத் தேறிவிடவும் கூடும். ஆனால் அதனால் அடையும் பயன் என்ன? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

பழைய ஜாபிதாவில், தன்னாட்சி என்னும் கருத்தைக் காட்டும் அரசியல் சட்டத்தின் முதல் மூன்று வார்த்தைகள் எவை என்று கேட்டார்கள். "மக்களாகிய நாங்கள்" என்று பொருள்படும் மூன்று இங்கிலீஷ் வார்த்தைகளைச் சொன்னால் தீர்ந்தது. புது ஜாபிதாவிலோ, அந்த வார்த்தைகளையே சொல்லிவிட்டு, அவற்றிற்கு அர்த்தம் என்ன என்று கேட்கிறார்கள். ஜனங்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளுவது, ஆளப்படுகிறவர்களின் சம்மதத்தின் பேரில்தான் ஆட்சி நடக்க வேண்டும் என்பது போன்றவை விடை. வார்த்தையைக் கேட்பதைவிட அர்த்தத்தைக் கேட்பது மேலானதல்லவா?

இன்னொரு கேள்வியைப் பாருங்கள். ஓட்டுரிமையைப் பற்றி அரசியல் சட்டத்தில் நான்கு திருத்தங்கள் உண்டு, அவற்றில் ஒன்றைச் சொல் என்கிறார்கள். 18 வயதானவர்கள் ஓட்டுச் செய்யலாம் என்று ஒரு வரி சொன்னால் தேறிவிடலாம். ஆனால் நிறத்தைக் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாதென்பது 1870. பெண் என்பதற்காக மறுக்கக் கூடாதென்பது 1920. ஓட்டுக்கு வரி கேட்கக் கூடாதென்பது 1964. 18 வயது என்பது 1971. ஒரு வரி விடைக்குப் பின்னால் நூறு வருஷத்துப் போராட்டம் நிற்கிறது. 1870-ல் எழுதிய வாக்குறுதியை 1965 வரையில் எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மேலே பார்த்தோம். இதைத் தெரிந்தவன், நாளைக்குத் தன் ஓட்டை ஒருவன் தடுக்க வந்தால், இன்ன சட்டப்படி நீ தடுக்க முடியாது என்று எதிர்த்து நிற்பான். நெட்டுருப் போட்டவன் வீட்டுக்குத் திரும்பிவிடுவான்.

மத சுதந்திரம் என்றால் என்ன என்ற கேள்விக்குப் பழைய ஜாபிதாவில் அச்சிட்டிருந்த விடை, எந்த மதத்தையும் அனுசரிக்கலாம், எந்த மதத்தையும் அனுசரிக்காமலும் இருக்கலாம் என்பதாகும். இதை வாயால் சொல்லித் தேறிவிட்டு, வீட்டுக்கு வந்து, வேறு மதத்துக்காரன் மகளைப் பிள்ளை விரும்பினான் என்று வீட்டைவிட்டு விரட்டுகிறவன் எதைப் படித்தான் என்று கேட்கின்றோம். கடைசியில் எடுத்துக்கொள்ளும் பிரமாணத்தில் கடவுளைக் குறிக்கும் வார்த்தைகள் உண்டு. மனச்சாட்சிக்கு ஒவ்வாதவர்கள் அவற்றை விட்டுவிட்டு, உறுதி கூறுகிறேன் என்று சொல்ல அந்நாட்டு விதியே இடங்கொடுக்கிறது. நம்பிக்கையில்லாதவர்கள் பயத்தினால் பொய்ச் சத்தியம் செய்ய வேண்டியதில்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெண்கள் விஷயந்தான் மிகவும் முக்கியமானது. புருஷன் பிரஜையாகிவிட்டால் போதாதா, அடுப்படியில் இருப்பவளுக்குப் பரீட்சை எதற்கு என்று கேட்கிறவர்கள் நம்மில் உண்டு. ஒரு காலத்தில் அந்நாட்டுச் சட்டமும் இப்படித்தான் பேசிற்று. 1907-ம் வருஷத்துச் சட்டப்படி, அமெரிக்கப் பெண் ஒருத்தி அந்நிய நாட்டானை மணந்தால் அவள் தன் பிரஜா உரிமையையே இழந்தாள். 1922-ல் பெண்ணின் உரிமையைப் புருஷனுடையதிலிருந்து பிரித்தார்கள். அப்பொழுதும் இந்தியர் போன்ற, பிரஜையாகத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவர்களை மணந்தவளுக்கு 1931 வரையில் விமோசனமில்லை. இன்று பிரஜை ஒருவரை மணந்தவள் 5 வருஷத்திற்குப் பதிலாக, நிரந்தரக் குடியிருப்பு உரிமையோடு 3 வருஷம் அவரோடு வாழ்ந்திருந்தால் மனுச் செய்யலாம். ஆனால் அவள் பரீட்சையை அவள்தான் கொடுக்க வேண்டும். நிரந்தர உரிமையோடு பெற்றோரிடம் வசிக்கும் 18 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உரிமை தானே வரும், மனைவிக்கு வராது. புருஷனும் பிள்ளையும் ஓட்டுச் சாவடிக்குப் போக, அவள் மட்டும் வாசலில் நிற்பது மானமுள்ள குடும்பத்திற்கு அழகா? ஆதலால் சோறு பொங்குகிற வேளையிலாவது புருஷன் கேள்வி கேட்கட்டும், பெண்சாதி விடை சொல்லட்டும். மறுநாள் அவள் கேட்கட்டும், அவன் சொல்லட்டும். தாய்மொழியில் ஏன், எதற்கு என்று பேசிக்கொண்டு, பிறகு இங்கிலீஷில் சொல்லிப் பழகட்டும்.

வயோதிகர்களும் மனந்தளர வேண்டியதில்லை. 50 வயதாகி 20 வருஷமும், 55 வயதாகி 15 வருஷமும் நிரந்தரக் குடிகளாயிருந்தவர்கள் இங்கிலீஷ் இல்லாமல் மொழிபெயர்ப்பாளர் மூலம் தங்கள் பாஷையிலேயே விடை சொல்லலாம். 65 வயதாகி 20 வருஷம் இருந்தவர்களுக்குப் படிக்க வேண்டிய கேள்விகளே 20 தான். இனாமாய்க் கிடைக்கும் புத்தகத்தைக் காசுக்கு விற்கும் தரகர்களிடம் யாரும் ஏமாற வேண்டாம். ஜனாதிபதி, கவர்னர் போன்றவர்களின் பேர்கள் மாறக் கூடியவை. அன்றன்று இருப்பவர்களைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். இந்தியா இரட்டைப் பிரஜா உரிமையை ஒப்புக்கொள்ளுவதில்லை. ஆதலால் அங்கே பிரமாணம் எடுத்துக்கொள்ளுகிறவர் இங்குள்ள ஓட்டை இழக்கிறார் என்பதையும் யோசித்தே முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாக, அந்த நாட்டிலேயே பிறந்தவனைப் பிரஜையாவதற்காக இந்த 128 கேள்விகளில் ஒன்றையும் யாரும் கேட்பதில்லை. பிறப்பின் சலுகை அந்த மட்டுக்கு இன்னும் மிச்சமிருக்கிறது. இதைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதில்லை. கேட்காமல் கிடைத்தவனைவிடக் கேட்டுப் படித்துப் பெற்றவனுக்கு அந்த உரிமையின் விலை நன்றாய்த் தெரியும். நம் ஊரிலும் கூட, சட்டசபை என்றால் என்ன, ஓட்டு எதற்கு, எந்த அதிகாரி யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்று யாரும் நம்மைப் பரீட்சை செய்வதில்லை. செய்யவில்லை என்பதற்காக நாம் தெரிந்துகொள்ளாமல் இருந்தால் நஷ்டம் யாருக்கு? ஆகவே கடல் கடந்து போனவர்கள் மாத்திரமல்ல, இங்கேயே இருப்பவர்களும் தங்களைத் தாங்களே கேள்வி கேட்டுக்கொள்ளும் வழக்கத்தை இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.