முதலில் யாரை அழைப்பது?

எங்கள் தந்தையரும் மாமன்மாரும் கெடிலத்து மணலில் சடுகுடு ஆடி வளர்ந்தவர்கள். திருப்பாதிரிப்புலியூரில் அந்த ஆட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லாத வீடு குறைவு. ஆகவே கபடியைப் பற்றி நாங்களும் ஒரு கருத்தைச் சொல்ல முன்வருகிறோம்.

பள்ளியில் இல்லங்களுக்கிடையே போட்டி நெருங்கும்போது அணித்தலைவியர் இருவர் எதிரெதிரே நின்று மாறி மாறிப் பெயர் சொல்லி அழைப்பது வழக்கம். முதலில் அழைக்கப்படுவோர் எப்போதும் பாடிச் செல்வதில் வல்லவர்களே. பிடிப்பவர்கள் கடைசி வரை நின்றுகொண்டிருப்பார்கள். இது சரிதானா?

இதே கேள்விக்குக் கோடிக்கணக்கில் பணம் கொடுத்து விடை தேடும் இடம் ஒன்று உண்டு. அதுவே 2014ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புரோ கபடி லீக். அங்கு வீரர்களை ஏலத்தில் எடுக்கிறார்கள். ஒவ்வோர் அணிக்கும் செலவுக்கு ஒரு வரம்பு உண்டு. 2022ஆம் ஆண்டில் அவ்வரம்பு 4 கோடியே 40 லட்சம் ரூபாய். அதில் பாதிக்கும் மேலாக, 2 கோடியே 26 லட்சத்தை, நம் தமிழ் தலைவாஸ் அணி பவன் செஹ்ராவத் என்ற ஒருவருக்கே கொடுத்தது. பாடிச் செல்வதில் நாடறிந்த வீரர் அவர். ஆனால் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு, அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியாமற் போயிற்று.

அணி வீழ்ந்துவிடும் என்றுதான் பலரும் எண்ணினர். நடந்ததோ வேறு. அதுவரை அதிகம் அறியப்படாத நரேந்தர் என்ற இளைஞர் பாடிச் சென்று 240க்கும் மேற்பட்ட புள்ளிகளைச் சேர்த்தார். சாகர் போன்ற பிடி வீரர்கள் அரணாக நின்றனர். தமிழ் தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதியை எட்டி, புனேரி பல்டன் அணியிடம் 37-39 என்ற கணக்கில்தான் தோற்றது.

அடுத்த ஏலம் 2023இல் நடந்தது. தெலுங்கு டைட்டன்ஸ் அணி பவனுக்கு 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம் கொடுத்தது. அப்பருவத்தில் 22 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்று கடைசி இடத்தைப் பெற்றது. அதே ஏலத்தில் புனேரி பல்டன், பிடிப்பதில் பேர்போன ஈரான் நாட்டு வீரர் முகமதுரேசா ஷத்லூயியை 2 கோடியே 35 லட்சத்திற்கு எடுத்துக் கோப்பையை வென்றது. 2024இல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அவரை 2 கோடியே 7 லட்சத்திற்கு எடுத்தது. அம்முறை கோப்பை அவர்களுக்கு. ஒருவரால் மட்டும் கோப்பை வந்துவிடாது என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் இவ்வளவும் சிந்திக்கத்தக்கவை அன்றோ?

காரணத்தை ஆராய்ந்தால் இரண்டு தோன்றுகின்றன. முதலாவது, பாடிச் செல்பவர் தனியாகச் செல்கிறார். முப்பது நொடிக்குள் ஏழு பேர் நடுவே புகுந்து மீள வேண்டும். கணுக்காலும் முழங்காலும் ஒவ்வொரு முறையும் இழுபடுகின்றன. லீக்கில் பாடிச் சென்று 1,800க்கும் மேற்பட்ட புள்ளிகள் எடுத்து முதலிடம் பெற்ற பர்தீப் நர்வாலின் விலை 2021இல் 1 கோடியே 65 லட்சம். 2024இல் 70 லட்சம். 2025இல் அவரை எடுக்க எவரும் முன்வரவில்லை. இரண்டாவது, பிடி என்பது ஒருவர் செய்யும் காரியம் அன்று. ஒருத்தி காலைப் பற்றினால் அடுத்தவள் இடுப்பை வளைக்க வேண்டும். அந்த ஒற்றுமை பணத்தால் ஒரே நாளில் வருவதில்லை. பலநாள் பழகினால்தான் வரும்.

மறுதரப்பின் நியாயத்தையும் மறைக்க மாட்டோம். பாடிச் செல்பவர் ஒரே மூச்சில் மூவரை வெளியேற்றி, வெளியே உட்கார்ந்திருக்கும் தம் தோழியரையும் உள்ளே கொண்டுவர முடியும். எதிரி துணிந்து உள்ளே வந்தால்தான் பிடிக்கே வேலை. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் மகளிர் அணி சீன தைபேயை 26-25 என்று ஒரே புள்ளியில் வென்று தங்கம் பெற்றது. அந்த ஒரு புள்ளி பாடியதால் வந்ததா, பிடித்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல யாரால் இயலும்?

எனவே, பாடிச் செல்பவர் வேண்டாம் என்பது எங்கள் வாதம் அன்று. அவரையே முதலில் அழைத்து, எல்லாவற்றையும் அவர் ஒருவர் மேல் ஏற்றுவது அணிக்கும் நல்லதன்று, அவருடைய முழங்காலுக்கும் நல்லதன்று என்பதே. உடலின் எளிய உறுப்புகளும் இன்றியமையாதவை என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். திடலில் மட்டும் அதை மறக்கலாமா?

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம் விளையாட்டு விழாவில் சிறப்பாகப் பாடிச் செல்பவருக்குக் கோப்பை உண்டு; சிறப்பாகப் பிடிப்பவருக்கு ஒன்றுமில்லை. அருட்சகோதரியரும் பெற்றோரும் மனம்வைத்து அடுத்த ஆண்டு முதல் அதற்கும் ஒரு கோப்பை வழங்க வேண்டுகிறோம். அணித்தலைவியராக வரப்போகும் தங்கைகளே, முதல் பெயரை அழைக்குமுன் ஓரத்தில் நிற்பவளையும் ஒருமுறை பாருங்கள். முழங்காலில் செம்மண் அப்பியிருக்கும் அவளும் உங்கள் அணியைத் தாங்கப் போகிறவள்தான்.