மொய் நோட்டும் மன்றத்து நோட்டும்

இங்க எழுதி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஒரு பக்கம் கடலை விதைப்பு, இன்னொரு பக்கம் ஆடி பொறந்ததுல இருந்து நாள் தவறாம மொய் விருந்து. வர்ற ஞாயித்துக்கிழமை எங்க ஊர் இளைஞர் மன்றத்தோட வருசக் கூட்டம். அதுல சொல்ல வேண்டியதை முன்னாடியே எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன். கூட்டத்துல நான் பேச எழுந்தா ரெண்டு நிமிசத்துல மைக்கை வாங்கிடுவானுங்க. இங்க வாங்க ஆள் இல்ல.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். இந்தப் பயலுக ஒரு வருசத்துல செஞ்ச வேலை சாதாரணம் இல்ல. போன ஆடியில குளத்துல இருந்த சீமைக்கருவையை வெட்ட ஆரம்பிச்சானுங்க. பாதிப் பேரு திருப்பூர்லயும் சென்னையிலயும் வேலை பாக்கிறவனுங்க. சனி ராத்திரி பஸ் ஏறி வந்து, ஞாயிறு பூரா முள்ளுல நின்னுட்டு, அன்னைக்கு ராத்திரியே திரும்பிப் போனானுங்க. சீமைக்கருவையை மேலாக வெட்டுனா பத்து நாள்ல நாலு பக்கமும் துளிர்த்துடும், வேரோட பிடுங்கணும். அதுக்கு ஜேசிபி வேணும். மணிக்கு 1,200, 1,400 ரூபாய் வாடகை. அங்கதான் வசூல் ஆரம்பிச்சது.

எங்க பக்கத்துக்கு இது புதுசு இல்ல. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியக்காலையில கஜா புயல் அடிச்சு தென்னையும் பலாவும் வேரோட சாஞ்சப்போ, இந்தப் பகுதி எந்திரிக்காதுன்னுதான் எல்லாரும் நினைச்சோம். ஆனா அடுத்த வருசமே பேராவூரணி, கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கத்துப் பசங்க சொந்தக் காசைப் போட்டு குளங்களைத் தூர் வார இறங்கினானுங்க. புதுக்கோட்டை மாவட்டத்துல கண்மாய், ஏரி, குளம்னு ஐயாயிரத்துக்கும் மேல இருக்கு. பெரிய ஆறு எதுவும் வந்து நிரப்பாத ஊருக்கு மழைத்தண்ணிதான் கதி. அதைத் தேக்குறதை விட்டுட்டு 600 அடி, 800 அடின்னு போர் போட்டுக் கடனாளி ஆனவங்க நாங்க. அதனால குளத்துல கை வச்சாங்கன்ன உடனே ஊரே மதிச்சது. பெரிய வீடுன்னு இல்லாம கூலி வேலைக்குப் போற வீட்டுலயும் நூறு, இருநூறுன்னு கொடுத்தாங்க.

எனக்குக் குளத்தை விடப் பெருசாத் தெரிஞ்சது கண் முகாம்தான். இதுல யாருக்கும் போட்டோ பெருசா வரல, அதான் யாரும் பேசல. கண் முகாம் நடத்துற முறைக்கு நம்ம தமிழ்நாட்டுலயே நல்ல உதாரணம் இருக்கு. மதுரையில டாக்டர் வெங்கடசாமி 1976-ல பதினோரு கட்டிலோட அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்சு, ஊர் ஊரா முகாம் போட்டதுல இருந்து வேலை ரெண்டாப் பிரிஞ்சுது. ஆள் திரட்டுறது, இடம் பிடிக்கிறது, ஆட்டோ கட்டிச் சொல்றது, சோறு போடுறது உள்ளூர் சங்கத்தோட பாடு. கண்ணைப் பாக்கிறது, புரை இருந்தா கூட்டிப் போய் ஆபரேஷன் பண்ணி லென்ஸ் வச்சுத் திருப்பிக் கொண்டாந்து விடுறது டாக்டர்களோட பாடு. எங்க ஊர் முகாமுக்கு வந்த ஆஸ்பத்திரியும் அப்படித்தான் செஞ்சது.

ஆனா முகாமுக்கு வந்த கிழவிங்கள்ல சில பேரு ஆபரேஷனுக்குப் பஸ் ஏற மாட்டேன்னுட்டாங்க. பயம்னு நினைச்சு பயலுக தைரியம் சொல்லிக்கிட்டே இருந்தானுங்க. ஒரு அப்பத்தா கடைசியில உண்மையைச் சொல்லுச்சு: "நான் போயிட்டா என் ஆட்டை யாருடா பாப்பா?" அவ்வளவுதான் விசயம். ரெண்டு பயலுக நாலு நாள் அந்த ஆடுகளை மேய்ச்சுக் கட்டுனானுங்க. அப்பத்தா பஸ் ஏறுச்சு. ஒரு மாசம் கழிச்சு மறுபரிசோதனைக்கும் அவனுங்களே கூட்டிப் போனானுங்க. சேவை எதுன்னு என்னைக் கேட்டா அந்த நாலு நாள் ஆடு மேய்ச்சதைத்தான் சொல்லுவேன். வருச அறிக்கையில அதுக்கு ஒரு வரி கூட இல்ல. "கண் சிகிச்சை முகாம் சிறப்பாக நடைபெற்றது" அப்படின்னு முடிச்சுட்டாங்க.

ரத்ததான முகாம், பனை விதை ஊன்றது, பள்ளிக்கூடத்துக்கு நோட்டு எல்லாம் நடந்துச்சு. ரத்ததானத்துல ஒரே ஒரு யோசனை. முகாம்ல கொடுத்த ஆம்பள மூணு மாசம் கழிச்சும், பொம்பள நாலு மாசம் கழிச்சும் திரும்பக் கொடுக்கலாம். வருசத்துக்கு ஒரு முகாம் போடுறதை விட, ரத்த வகை, போன் நம்பர், கடைசியாக் கொடுத்த தேதி எழுதின நோட்டு ஒண்ணு இருந்தா ராத்திரி ரெண்டு மணிக்குப் பிரசவத்துக்கு ஓடுறவனுக்கு உதவும். மரக்கன்று பத்திச் சொல்ல வேண்டாம்னு பாத்தேன். சித்திரை வெயில்ல அதுங்க போய்ச் சேந்ததை ரோட்டுல போற எல்லாரும் பாத்தாச்சு. கூண்டு மட்டும் நிக்குது, அதுல பேரு எழுதின தகடு பளபளன்னு இருக்கு. பனை விதை அப்படி இல்ல, ஊனிட்டுப் போனா அது பாட்டுக்கு வரும். எங்க மண்ணுக்கு அதான் சரி.

இப்ப கணக்குக்கு வர்றேன்.

வெளியூர்க்காரங்களுக்கு மொய் விருந்துன்னா என்னன்னு தெரியாம இருக்கலாம். ஆடி, ஆவணியில எங்க பக்கமும் பேராவூரணி பக்கமும் நாலஞ்சு பேரு சேந்து ஒரே பந்தல் போட்டு கறிச்சோறு ஆக்கிப் போடுவாங்க. சாப்பிட்டவங்க அவங்கவங்க ஆளுக்கு மொய் எழுதுவாங்க. ஒருத்தர் நாலஞ்சு வருசத்துக்கு ஒரு தடவைதான் வைக்கலாம். வட்டி இல்லாத கடன் மாதிரி. வந்த காசுல கடனை அடைப்பான், பொண்ணைக் கட்டிக் கொடுப்பான், போர் போடுவான். அப்புறம் வாழ்நாள் பூரா ஒவ்வொரு வீட்டுக்கா திருப்பிச் செய்வான். பத்திரம் இல்ல, சாட்சி இல்ல. இருக்கிறது ஒரு நோட்டு. ஆனா அந்த நோட்டுல நூறு ரூபாய் விட்டுப்போனா அண்ணன் தம்பிக்குள்ள பேச்சு நின்னு போகும். அவ்வளவு கறாரு.

இப்படிக் கணக்கு தெரிஞ்ச ஊருல மன்றத்துக்குக் கொடுத்த காசை மட்டும் யாரும் கேக்குறது இல்ல. கேட்டா "நல்லது செய்யிற பயலுகளைச் சந்தேகப்படுறான்"னு பேராயிடும். மன்றத்துக் காசு பூரா ஒரு பையனோட சொந்த பேங்க் கணக்குக்குத்தான் ஜிபே-ல போகுது. அவன் தங்கமான பையன், அதுல எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனா நாளைக்கு அவனுக்கு கல்யாணம் ஆகும், வீடு கட்டுவான். அன்னைக்கு ஒருத்தன் வாய் வச்சா போதும், ஒரு வருச உழைப்பும் சாக்கடைக்குப் போயிடும். அவனைக் காப்பாத்தத்தான் சொல்றேன்.

வழி ஒண்ணும் கஷ்டம் இல்ல. 1975-ஆம் வருசத்துச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேரு சேந்தா மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துல பதிவு பண்ணலாம். பதிவு பண்ணினா மன்றத்துப் பேருலயே பேங்க் கணக்கு திறக்கலாம். வருசா வருசம் கணக்கு தாக்கல் பண்ணணும், அது தொல்லைன்னு பசங்க சொல்றாங்க. அந்தத் தொல்லைக்காகத்தான் பதிவே பண்ணச் சொல்றேன். இன்னொண்ணு, சிங்கப்பூர்ல இருந்து வர்ற காசு. இந்திய பாஸ்போர்ட்டோட அங்க வேலை பாக்கிற நம்மாளு பேங்க் வழியா அனுப்பினா சிக்கல் இல்ல. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினவரு அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை. 2010-ஆம் வருசச் சட்டப்படி அதுக்குத் தனி அனுமதி வேணும். சொந்த ஊர்க்காரன்தானேன்னு வாங்கிட முடியாது.

அரிமா சங்கத்துல ஒரு பழக்கம் வச்சிருக்காங்க, அதை நம்ம பசங்க எடுத்துக்கலாம். பொதுமக்கள்கிட்ட வாங்கின காசு ஒரு கணக்கு, அது பூராவும் பொதுக் காரியத்துக்குத்தான் போகணும். சங்கத்தோட டீச் செலவு, மேடைச் செலவு, சால்வை எல்லாம் உறுப்பினர் சந்தாவுல இருந்து போற தனிக் கணக்கு. இங்க ரெண்டும் கலந்து கிடக்கு. கூலிக்குப் போற அக்கா கொடுத்த நூறு ரூபாய் ஜேசிபிக்குப் போச்சா, ஆண்டுவிழா ஃபிளக்ஸுக்குப் போச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது.

நோட்டு எழுதுற வேலையை மகளிர் குழுவுல இருக்கிற யாராவது ஒரு பொண்ணுகிட்ட கொடுங்கன்னும் சொல்லிக்கிட்டே இருக்கேன். தீர்மானப் புத்தகம், சேமிப்பு, கடன், வட்டின்னு மாசா மாசம் எழுதிப் பழகினவங்க அவங்க. மன்றத்துல ஒரு பொண்ணு கூட உறுப்பினர் இல்ல. 1991, 92-ல இதே மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடந்தப்போ சம்பளம் வாங்காம சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுத்தவங்கள்ல பொண்ணுங்கதான் எத்தனை பேரு! சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டு ஊர் ஊராப் போனாங்க. அப்ப எனக்கு இருபது வயசு இருக்கும், கண்ணால பாத்தவன் நான். முப்பது வருசம் கழிச்சு நாம பின்னாடி போயிருக்கோம்.

சரி, இதெல்லாம் பேசித் தீத்துக்கலாம். பேசியே ஆக வேண்டியது வேற.

குளத்துக்குப் போற ரோட்டுல ஒரு அலங்கார வளைவு கட்டித் தர்றேன், மிச்சக் காசை மன்றத்துக்கு நன்கொடையாத் தர்றேன்னு மனை பிரிச்சு விக்கிற ஒருத்தர் சொல்லியிருக்காரு. வளைவுல அவரு பேரும் மன்றத்துப் பேரும் இருக்கும். பசங்களுக்கு வாய் கொள்ளாத சந்தோசம். ஒரு வருசம் வீடு வீடா அலைஞ்சு சேத்ததை விட அதிகமான காசு ஒரே கையில வருது. "யாரு காசா இருந்தா என்ன சித்தப்பா, ஊருக்குத்தானே நல்லது" அப்படிங்கிறான் எங்க அண்ணன் மகன்.

அவரு மனை போட்ட இடம் எங்க இருக்குன்னு ஊருக்கே தெரியும். மேற்கே இருந்து குளத்துக்குத் தண்ணி வர்ற வரத்து வாரி அது வழியாத்தான் வந்துச்சு. இப்ப அங்க செம்மண் அடிச்சு மட்டம் பண்ணி, வாரி இருந்த இடத்துல சின்னக் குழாய் ஒண்ணு பதிச்சிருக்கு. ஐப்பசி மழை ஒரு ராத்திரி ஊத்தினா வர்ற தண்ணியை அந்தக் குழாய் தாங்குமா? தாங்காது. தண்ணி ரோட்டைத் தாண்டி வேற பக்கம் ஓடும். நாம தூர் வாரின குளம் வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடக்கும். குளத்தை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் வாரி அடைஞ்சா அது வெறும் பள்ளம்தான்.

அதனாலதான் மொய் பத்தி இவ்வளவு இழுத்தேன். மொய் வாங்கினா திருப்பிச் செய்யணும். நூறு ரூபாய் கொடுத்த அக்காவுக்கு மன்றம் திருப்பிச் செய்ய வேண்டியது குளத்துல தண்ணி. இந்தக் காசை வாங்கினா அவருக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது என்ன? வாரியைப் பத்திப் பேசாம இருக்கிறது. அவரு வாய் விட்டுக் கேக்க மாட்டாரு, கேக்கவும் வேண்டியது இல்ல. வளைவுல பேரு சேந்து நிக்கிறப்போ எவன் போய் மனு கொடுப்பான்?

அவரு கெட்டவர்னு நான் சொல்லல. பட்டா நிலத்தை வாங்கினாரு, வித்தாரு. வாரி புறம்போக்குதானா, எவ்வளவு அகலம்னு அளந்து பாத்துட்டுப் பேசுவோம். குழாய்க்குப் பதிலா அந்த இடத்துல ஒழுங்கா ஒரு பாலம் கட்டி வாரியைத் திறந்து விடட்டும். அதுக்கு அவரு பேரை எவ்வளவு பெருசா வேணும்னாலும் எழுதிக்கட்டும், நானே பெயின்ட் வாங்கித் தர்றேன். வளைவு மட்டும் வேண்டாம்.

காசு இல்லாம அடுத்த வருசம் எப்படின்னு கேப்பானுங்க. குளத்து வண்டல் மண்ணு இருக்கு. தாசில்தார்கிட்ட விண்ணப்பம் கொடுத்தா விவசாயி இலவசமா எடுத்துக்கலாம்னு 2024-ல முறையை எளிசாக்கியிருக்காங்க. நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் வரைக்கும். எடுக்கிறவன் தன் வண்டி, தன் டீசல்ல எடுத்துக்கட்டும். மன்றம் பக்கத்துல நின்னு கரையை ஒட்டி வெட்டாமப் பாத்துக்கிட்டா போதும். பாதிக் குளம் காசில்லாம ஆழமாகும். டிராக்டர் வச்சிருக்கிறவங்ககிட்ட ரூபாய் கேக்காம ரெண்டு நாள் வண்டி கேளுங்க. எங்கிட்ட வண்டி இல்ல, ஆனா மூணு நாள் மம்பட்டியோட வர்றேன், நோட்டுல எழுதிக்கங்க. அரசாங்கத்தோட நமக்கு நாமே திட்டமும் இருக்கு. மக்கள் பங்கு ஒரு பாகம் கட்டினா மிச்சத்தை அரசு போடும். அதுக்கும் கணக்கு வழக்கு ஒழுங்கா இருக்கிற மன்றமா இருக்கணும்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில வாரியை அளக்கச் சொல்லித் தீர்மானம் வைக்கணும். எங்க குளம் ஒன்றியத்துக் குளம், அதனால மனு பி.டி.ஓ. ஆபீசுக்கும் ஒண்ணு, தாசில்தாருக்கு ஒண்ணு. மனு எழுதிட்டேன். புல வரைபடத்தை நெட்டுல எடுத்துப் பாத்தேன், வாரி அதுல கோடாத் தெரியுது, ஆனா அகலம் சரியாப் புரியல. சர்வே படம் பாக்கத் தெரிஞ்ச நம்ம ஊர்ப் பிள்ளைங்க யாராவது வெளியூர்ல இருந்து இதைப் படிச்சா ஒரு போன் போடுங்க. பழைய செட்டில்மெண்ட் நகல் யார் வீட்டுப் பெட்டியிலயாவது கிடந்தா அதையும் தேடிப் பாருங்க. ஆகஸ்ட் 10-க்குள்ள கிடைச்சா மனுவோட சேத்துடலாம்.