எத்தனை கடை சார்?

பணி ஓய்வு பெற்றவர்கள் காலையில் வாக்கிங் போவார்கள். நான் எம்.ஏ. தமிழ் வகுப்புக்குப் போனேன். முப்பது வருஷம் ஆபீஸில் 'தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றோம்' எழுதிய கை. ஆய்வேடு என்ன பிரமாதம்?

நெறியாளருக்கு என் மகள் வயது. அவருக்கு நான் 'சார்', எனக்கு அவர் 'மேடம்'. முதல் நாளே மூன்று சொற்களுக்குத் தடை விதித்தார்: 'தொன்றுதொட்டு', 'அனைவரும் அறிந்ததே', 'ஐயமில்லை'.

"தொன்றுதொட்டுன்னா எந்த வருஷத்துலேர்ந்து? அனைவருக்கும் தெரியும்னா எதுக்கு எழுதணும்? ஐயமே இல்லைன்னா எதுக்கு ஆராய்ச்சி?"

இந்த மூன்றும் இல்லாவிட்டால் பட்டிமன்றங்களின் கதி என்ன, யோசித்துப் பாருங்கள்!

என் தலைப்பு, எங்கள் கடைவீதிப் பெயர்ப்பலகைகளின் தமிழ். 'பெரும்பாலான கடைகளில்' என்று ஆரம்பித்தால் மேடம் நிதானமாக, "எத்தனை கடை சார்?" என்பார். ஆகவே குடையும் நோட்டுமாக வீதியில் இறங்கினேன். பலகைகளை அண்ணாந்து பார்த்துக் குறிப்பெடுக்கும் ஆசாமியை முனிசிபாலிட்டி ஆள் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டு கடையில் டீ கொடுத்தார்கள். ஒரு கடையில் பலகையையே கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள்!

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். 13-ம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலில், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பட்டியல் போட்டுவிட்டார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்று போகிறது. பரீட்சையில் அடிஷனல் ஷீட் வாங்கிப் பழகிய நமக்கு, இரண்டாவதும் மூன்றாவதும்தானே மூலதனம்?

1894-ல் உ.வே.சா. புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268-ம் பாடல்கள் கிடைக்கவில்லை. இல்லாததை இல்லை என்றே விட்டுவிட்டார். அத்தனை தமிழ் தெரிந்தவருக்கு இட்டு நிரப்ப நாலு வரி வராதா? தெரிந்ததை எழுதப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். தெரியாத இடத்தில் பேனாவைக் கீழே வைப்பதற்குத்தான் எனக்கு இரண்டு வருஷப் படிப்பு தேவைப்பட்டது.

அதற்கும் சோதனை வந்தது. நாட்டு மருந்துக் கடைக்காரர், "எங்க தாத்தா வெச்ச பலகை சார். இந்த வீதியிலேயே பழசு இதுதான்" என்றார். சான்று எதுவும் இல்லை. 'என்று உரிமையாளர் கூறினார்' என எழுதி அவரிடமே காட்டினேன். முகம் சுண்டிப் போயிற்று.

"அப்ப நான் பொய் சொல்றேன்னு அர்த்தமா?"

"இல்லண்ணே. கீழே பாருங்க, அடிக்குறிப்பு. உங்க பேரு, நான் வந்து கேட்ட தேதி. நீங்க சொன்னதை என் சரக்கா ஆக்கிக்கலை. நாளைக்கு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் உங்ககிட்டதான் வந்து கேக்கணும்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "இந்தப் பக்கத்தை மட்டும் ஒரு ஜெராக்ஸ் குடுங்க சார்" என்றார்.

படிப்பு முடிந்தும் பழக்கம் போகவில்லை. நேற்று சாப்பிடும்போது, "சாம்பார்ல உப்பு கம்மியோன்னு தோணுது. இது முதல் கரண்டியை மட்டும் வெச்சு நான் சொல்ற முடிவு" என்றேன்.

"மிச்சக் கரண்டியையும் ஆராய்ச்சி பண்ணிட்டுத் தட்டைக் கழுவி வெச்சிடுங்க" என்றாள் மனைவி.