செம்மையும் வெண்மையும்

ஜீன்களின் எழுத்துக்களை இயந்திரங்களே படித்துத் தரும் இக்காலத்தில், தட்டில் முளைத்த ஈஸ்ட் காலனிகளின் நிறத்தைக் கண்ணாற் பார்த்து எண்ணிக்கொண்டிருப்பது சிறுபிள்ளை விளையாட்டன்றோ என வினவுவாருளர். இப்பரிசோதனையை ஆய்வுக்கூடத்தினின்றும் நீக்கிவிடலாமென்பது அவர்தம் கட்சி. அதனை வைத்துக்கொள்ள வேண்டுமென்பாரோ, செலவு குறைவு என்று மட்டுமே வாதிக்கின்றனர். செலவு குறைவென்பது மெய்யே. ஆயினும் அது ஒன்றே காரணமாயின், நீக்கிவிடுதலே நன்று. எமது காரணம் வேறு.

ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் அந்த ஈஸ்ட் இயல்பில் வெண்ணெய் நிறமுடையது. தன் வாழ்வுக்கு இன்றியமையாத அடினீன் என்னும் பொருளை அது பல படிகளிற் சமைத்துக்கொள்கின்றது. அப்படிகளுள் ஒன்றை நடத்தும் அடினீன்-2 என்னும் ஜீன் பழுதுபடின், அரைகுறையாய்ச் சமைந்த பொருள் மேற்செல்ல வழியின்றித் தேங்கும். உயிரணு அதனைத் தன் உட்குமிழியில் ஒதுக்கிவைக்க, அது பிராணவாயுவின் துணையாற் சிவந்துவிடுகின்றது. அடினீனை உணவில் வாரி வழங்கினாலோ, உயிரணு சமையலையே நிறுத்திவிடும், நிறமுந் தோன்றாது. ஆதலின் அளந்தே இடவேண்டும்.

இந்நிறத்தைக் கொண்டு அறிஞர் கண்டவை சிறியன அல்ல. 1985-ஆம் ஆண்டில் பிலிப் ஹீட்டர் என்பாரும் அவர்தம் துணைவரும், இப்பழுதுடைய ஈஸ்ட்டினுள் அப்பழுதை மறைக்கவல்ல வேறொரு ஜீனைத் தாங்கிய ஒரு சிறு குரோமோசோமைப் புகுத்தினர். அக்குரோமோசோம் ஒன்று இருப்பின் காலனி இளஞ்சிவப்பு, இரண்டு இருப்பின் வெண்மை, ஒன்றுமில்லையேற் செம்மை. இனி, தட்டில் விழுந்த ஒற்றை உயிரணு முதன்முதல் இரண்டாய்ப் பிரியும்போது அக்குரோமோசோம் தொலைந்துபோயின், வளரும் காலனியின் ஒரு பாதி இளஞ்சிவப்பாகவும் மறுபாதி செம்மையாகவும் நிற்கும். தொலையாமல் இரு பிரதிகளும் ஒரே பக்கம் சென்றுவிடின், ஒரு பாதி வெண்மை, மறுபாதி செம்மை. பிரிவு நிகழ்ந்த அக்கணத்தை எவருங் கண்டிலர்; சில நாள் கழித்து வட்டத்தின் இரு பாதிகளையும் பார்த்து, நேர்ந்த பிழை இன்னதென்று கூறிவிடலாகும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதின்று!

இங்ஙனம் தெளிவாய்ப் பேசும் சாட்சியும் சிலகாற் பொய்யுரைக்கும். அதனாலேயே இப்பரிசோதனை வேண்டுமென்கின்றோம்.

சின்னாட்களுக்குமுன் மாணவர் ஒருவர் தம் தட்டிற் செந்நிறக் காலனிகளின் நடுவே ஏழு வெண்ணிறக் காலனிகளைக் கண்டார். கண்டவுடன், “ஏழு இடத்தில் ஜீன் பழைய நிலைக்குத் திரும்பியது” என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டார். அவர் பின்பற்றிய செய்முறைத் தாளும் அவ்விடையையே எதிர்பார்த்தது. மதிப்பெண்ணும் அதற்கே உரியது. உண்மையில் வெண்மைக்கு மூன்று வழிகள் உள. ஜீன் திருந்தியிருக்கலாம். அன்றி, உயிரணு சுவாசிக்கும் வன்மையை இழந்திருக்கலாம். 1949-இல் போரிஸ் எஃப்ருசி விளக்கிக்காட்டிய குட்டைக் காலனிகள் இத்தகையன, அவற்றில் அச்சிவப்பு விளைவதில்லை. அன்றி, அடினீன் சமையலின் முந்திய படியொன்று அடைபட்டிருக்கலாம். தேங்குவதற்குப் பொருளே வந்து சேராதபோது சிவப்பு எங்ஙனம் உண்டாகும்? ஹெர்ஷல் ரோமன் 1956-இல் இம்மூன்றாம் வகை வெண்மையைப் பிழையென்று தள்ளாது, அதனையே வலையாக வீசி, அடினீனை ஆக்கும் வேறு ஜீன்களைப் பிடித்தார். பிறர் கழித்துவிடக்கூடியதை அவர் பொறுக்கிக்கொண்டார் என்க.

மூன்றனையும் பிரித்தறிய இரண்டே தட்டுகள் போதும். கிளிசரால் மட்டுமே உணவாகவுள்ள தட்டிற் சுவாசமற்றது வளராது. அடினீன் இல்லாத தட்டில் திருந்தியது மட்டுமே வளரும். இவ்விரு தட்டுகளையுஞ் செய்முறைத் தாளிற் சேர்த்து, எண்ணிக்கைக்கு அளிக்கும் மதிப்பெண்ணிற் பாதியை இவற்றிற்கு அளிக்கவேண்டுமென்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். நேரமில்லை என்பது விடையாகாது. அகரை உருக்கி ஊற்ற ஒரு மாலைப்பொழுது போதும்.

மேற்கூறிய மாணவர் அவ்வண்ணமே செய்துபார்த்தார். ஏழனுள் ஐந்து கிளிசராலில் வளரவில்லை. எஞ்சிய இரண்டும் அதில் வளர்ந்தன. அடினீன் இல்லாத தட்டிலோ வளர்ந்தில. திருந்தியது ஒன்றுமில்லை. அவர் முதலில் எழுதிய வரியை ஒரு கோட்டால் அடித்து, கீழே மூன்று வரிகள் எழுதியுள்ளார். அடித்த வரியை இன்றும் படிக்கலாம்.