மாடு படுத்தாப் பிறகுதான் வைத்தியரா?

2022 மார்கழியில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கு கிழக்கில் 1,000க்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்துப் போயின. எங்களில் பலருக்கு அது ஒரு முகநூல் படம். 'குளிர் தாங்கேல்ல' எண்டு கதை முடிஞ்சுது.

முடியேல்ல எண்டுதான் நாங்கள் நினைக்கிறம். காலபோகம் விதைத்ததும் வயலுக்குள் மாடு இறங்கேலாது. பட்டியைக் காட்டோரமாகச் சாய்க்க வேணும். மழை கூடுகிற அதே மாதங்களில் மேய்ச்சல் குறையும். கூரையில்லாத பட்டியில், சேற்றுக்க நிண்டபடியே விடியும். மெலிஞ்ச மாட்டுக்குக் குளிரைத் தாங்கிற சூடு எங்கால வாறது?

இவ்வளவும் ஆவணியிலேயே தெரிந்த விசயம். அப்ப ஆவணியில் மிருக வைத்தியரும் பட்டிக்காரரும் ஒருக்கா இருந்து கதைத்தால் என்ன? தொண்டை அடைப்பானுக்கு மாரிக்கு முதலே ஊசி. செம்மறிகளுக்குப் பூச்சி மருந்து, அதையும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாத்துக்கும் பருக்காமல், புழுக்கையைப் பரிசோதித்துவிட்டு. கன்றுகளுக்கும் சினை மாடுகளுக்கும் எண்டாலும் ஒரு கொட்டில். சிறுபோக வைக்கோலைப் போராக வைக்கலாம். (எரிக்கிறது எங்கட ஆக்கள்தான்.)

வைத்தியர்மார் காணாது, பிரிவுகள் பெரிசு எண்டது உண்மை. அதாலதான் திட்டம் வேணும் எண்டுறம். செத்த மாடுகளைப் பார்க்க அலைகிற நாளில் ஒரு பட்டி முழுக்க ஊசி போட்டு முடிக்கலாம். பட்டிக்காரரையும் சும்மா விடேலாது: பால் குறையும் எண்டு ஊசிக்கு மாட்டை ஒளிக்கிற ஆக்களும் இருக்கினம்.

உங்கட ஊர்ப் பட்டியில் இந்த மாரிக்கு ஊசி போட்டாச்சோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.