படகு இயந்திரத்துக்கு எந்த எண்ணெய்?

நெடுஞ்சாலையில் கார் நின்றுபோனால் ஓரங்கட்டிவிட்டு இழுவை வண்டியை அழைக்கலாம். கடலில் ஓரங்கட்ட இடமில்லை. இயந்திரம் நின்ற படகு, அலையும் நீரோட்டமும் இழுத்த பக்கம் போகும். அதனால்தான் படகுக்காரர்களுக்கு எண்ணெய் என்பது பராமரிப்புச் செலவு மட்டுமல்ல, உயிர்ப் பாதுகாப்பும்கூட.

மீன்பிடிப் படகில் பங்கு வைத்திருக்கும் குடும்பங்கள், தீவுகளுக்குச் சுற்றுலாப் படகு ஓட்டுபவர்கள், தூண்டில் போடுவதற்காக நண்பர்களோடு சேர்ந்து படகு வாங்கிய இளைஞர்கள், கப்பல் பொறியியல் படித்துவிட்டு முதல் கப்பலுக்குக் காத்திருப்பவர்கள் என்று இந்தக் கேள்வி பலருக்கும் வரும்: “இருப்பதிலேயே நல்ல எண்ணெய் எது?”

இதற்கு ஒற்றை வரியில் பதில் இல்லை. நம் ஊர்ப் பட்டறைகளில் எல்லாமே ‘மின்யாக் ஹீத்தாம்’தான். பெயர் ஒன்று, வகைகள் பல. ஓர் இயந்திரத்தை வாழவைக்கும் எண்ணெய் இன்னோர் இயந்திரத்தைக் கெடுத்துவிடும். விலை அதிகம் என்பதாலோ, டின்னில் பெரிய எண் இருப்பதாலோ அது உங்கள் இயந்திரத்துக்கு உகந்ததாகிவிடாது. என் இயந்திரம் எது, அது எந்த டீசலில் ஓடுகிறது, எப்படி ஓடுகிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எண்ணெயைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

லாரியும் படகும் ஒன்றல்ல

சிறிய படகுகள் பலவற்றில் இருப்பவை ஜப்பானியத் தயாரிப்பு டீசல் இயந்திரங்கள். பழைய லாரி இயந்திரத்தைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றிப் பொருத்துவதும் உண்டு. ஆகவே, லாரிக்கான டீசல் எண்ணெய் பல படகுகளுக்குப் பொருந்தும். ஆனால் ஓடும் விதம் வேறு.

லாரி மேடு ஏறும், பள்ளத்தில் இறங்கும், சிவப்பு விளக்கில் நிற்கும். இடையிடையே அதன் இயந்திரத்துக்கு ஓய்வு கிடைக்கும். படகின் விசிறியோ தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. மணிக்கணக்கில் ஒரே சுமை. எண்ணெய் சூடாகிக்கொண்டே போகும். மாறாக, வலை போட்டுவிட்டு மெதுவாக ஓடும் நேரங்களில் இயந்திரம் போதுமான சூட்டை எட்டுவதில்லை. எரியாத டீசல் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெயில் கலக்கிறது. அடுத்து, வாரக்கணக்கில் கட்டிக் கிடக்கும்போது ஈரமும் உப்பும் கலந்த காற்று உள்ளே புகுந்து துருவைக் கிளப்புகிறது. இவ்வளவையும் தாங்கவேண்டிய எண்ணெய் இது.

காருக்கு வாங்கியதில் மிச்சமிருக்கிறதே என்று ஊற்றிவிடாதீர்கள். ஏ.பி.ஐ. தரக்குறியில் ‘எஸ்’ எழுத்தில் தொடங்குபவை பெட்ரோல் இயந்திரங்களுக்கு உரியவை. ‘சி’ எழுத்தில் தொடங்குபவை டீசலுக்கு உரியவை. டீசல் எரியும்போது கரி அதிகம் உண்டாகும். அந்தக் கரியைக் கட்டிதட்டவிடாமல் தனக்குள் சுமக்கும் வேதிப்பொருள்கள் டீசல் எண்ணெயில்தான் போதிய அளவில் இருக்கும்.

டின்னைப் படிப்போம்

முதலில் பார்க்கவேண்டியது எஸ்.ஏ.இ. எண். 15டபிள்யூ-40 என்று இருந்தால், ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும். முதல் எண் குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எண் 100 டிகிரி செல்சியஸில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதை. நம் கடற்கரையில் பனி கொட்டுவதில்லை. ஆகவே, குளிரில் சட்டென்று ஸ்டார்ட் ஆகும் என்பதற்காக மட்டும் 5டபிள்யூ எண்ணெய்க்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. நமக்கு முக்கியம் இரண்டாவது எண்.

அதற்காக, ‘40ஐவிட 50 கெட்டி, பாதுகாப்பும் கூடுதல்’ என்று எண்ணிவிடக்கூடாது. தேவைக்கு மேல் கெட்டியான எண்ணெய் பேரிங்குகளின் மெல்லிய இடைவெளிக்குள் போய்ச்சேரத் தாமதிக்கும். அழுத்தமானி அதிகம் காட்டும். நமக்கும் மனநிறைவாக இருக்கும். ஆனால் ஓடும் எண்ணெயின் அளவு குறைந்து சூடு ஏறும்.

பழைய இயந்திரங்களில் விதிவிலக்குகளும் உண்டு. டெட்ராய்ட் 71 வரிசை இருவீச்சு டீசல் இயந்திரங்கள் கேட்பது ஒற்றைத் தர எஸ்.ஏ.இ. 40. ‘எல்லா டீசலுக்கும் 15டபிள்யூ-40 போதும்’ என்ற பட்டறைப் பேச்சு அங்கே செல்லாது.

அடுத்தது ஏ.பி.ஐ. தரம். சிஎச்-4 1998இல் வந்தது, சிஐ-4 2002இல், சிஜே-4 2006இல், சிகே-4 2016இல். புதியது பழையதன் இடத்தை நிரப்பும் என்பது பொது விதி. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சிஜே-4, சிகே-4 இரண்டும் புகைக்குழாயில் கரி வடிகட்டி பொருத்திய லாரிகளை மனத்தில் வைத்து உருவானவை. வடிகட்டி அடைத்துக்கொள்ளாமலிருக்க எண்ணெயின் சாம்பல் அளவை 1 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தினார்கள். சாம்பலைத் தரும் அதே பொருள்கள்தான் அமிலத்தையும் முறிப்பவை. அதனால் இவற்றில் அமிலத்தை முறிக்கும் சக்தி பெரும்பாலும் சிஐ-4ஐவிடக் குறைவு. சுத்தமான டீசலில் ஓடினால் கவலையில்லை. கந்தகம் கூடிய டீசலில் ஓடும் பழைய இயந்திரத்துக்கு, கையேடு அனுமதித்தால், சிஐ-4 பொருத்தமாக இருக்கலாம்.

கந்தகத்துக்கு ஏற்ற காரம்

டீசலில் உள்ள கந்தகம் எரிந்து ஈரத்தோடு சேரும்போது கந்தக அமிலமாகிறது. அது சிலிண்டர் சுவரை அரிக்கும். அதை முறிப்பதற்காகவே எண்ணெயில் காரத்தன்மை சேர்க்கப்படுகிறது. அதன் அளவுதான் ‘கார எண்’. தொழிலில் இருப்பவர்கள் ‘பி.என்.’ என்பார்கள்.

யூரோ 2 டீசலில் பத்து இலட்சத்தில் 500 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். யூரோ 5இல் 10 பங்குதான். மலேசிய எண்ணெய் நிலையங்கள் 2021 ஏப்ரலில் யூரோ 5 டீசலுக்கு மாறின. ஆனால் படகுத்துறையில் டிரம்மில் வரும் டீசல் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் பொறுப்பு.

நம் டீசலில் செம்பனை உயிரி டீசலும் கலந்திருக்கிறது. அது எண்ணெயில் கசிந்தால், சாதாரண டீசலைப்போல் சூட்டில் எளிதாக ஆவியாகிப் போகாது. தங்கிப்போய் எண்ணெயை நீர்க்கச் செய்யும். மெதுவாகவே அதிகம் ஓடும் படகுகள் எண்ணெயைச் சற்று முன்கூட்டியே மாற்றுவது நல்லது.

பெரிய கப்பல்களில் இந்தக் கந்தகக் கணக்கு இன்னும் கண்டிப்பானது. பெரிய இருவீச்சு இயந்திரத்தில் இரண்டு எண்ணெய்கள்: சிலிண்டரில் தெளிக்கப்பட்டு எரிந்துபோகும் சிலிண்டர் எண்ணெய் ஒன்று, பேரிங்குகளைச் சுற்றிவரும் எண்ணெய் மற்றொன்று. கப்பல் எரிபொருளில் 3.5 விழுக்காடு வரை கந்தகம் அனுமதிக்கப்பட்ட காலத்தில், 70 பி.என். சிலிண்டர் எண்ணெய் பரவலாக இருந்தது. 2020 ஜனவரி 1 முதல் அனைத்துலகக் கடல்துறை அமைப்பு அந்த வரம்பை 0.5 விழுக்காடாகக் குறைத்தது. பல கப்பல்கள் 40 பி.என். அளவிலான எண்ணெய்க்கு மாறின.

பழைய 70ஐயே தொடர்ந்தால் என்ன? முறிக்க அமிலம் இல்லாததால் மிஞ்சும் கால்சியம், பிஸ்டன் தலையில் கல்லாகப் படியும். அந்தப் படிவு சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைச் சுரண்டிவிடும். பாதுகாப்புக்காகச் சேர்த்ததே சேதத்துக்குக் காரணமாகிவிடும். அதே நேரத்தில், புகையைக் கழுவும் கருவி பொருத்தி இன்னமும் கந்தகம் கூடிய எரிபொருளை எரிக்கும் கப்பலுக்கு உயர் பி.என். எண்ணெய்தான் வேண்டும்.

கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்புவதில் உலகில் முதலிடம் சிங்கப்பூர் துறைமுகத்துக்கு. ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கும் மேல். அங்கே எரிபொருள் ஏற்றும் கப்பலில் வேலைக்குச் சேரும் இளம் பொறியாளர் முதல் நாளே பழகவேண்டிய கேள்வி: “எரிபொருள் மாறுகிறது, சிலிண்டர் எண்ணெயும் மாறவேண்டுமா?”

சரியான எண்ணெய், குறைந்த அளவு

2019 மார்ச் 23. நார்வே கடற்கரையோரம் புயலில் சென்ற ‘வைக்கிங் ஸ்கை’ உல்லாசக் கப்பலின் இயந்திரங்கள் நின்றுபோயின. கப்பலில் 1,373 பேர். பாறைகளை நோக்கி அது மிதந்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் ஹெலிகாப்டர்களில் தூக்கப்பட்டார்கள். விசாரணையில் தெரியவந்தது: டீசல் ஜெனரேட்டர்களின் எண்ணெய்த் தொட்டிகளில் அளவு குறைவாக இருந்தது. கப்பல் ஆடிய ஆட்டத்தில் பம்புகளுக்கு எண்ணெய் கிடைக்காமல் போக, இயந்திரங்கள் தாமாகவே நின்றுவிட்டன.

சிறிய படகுக்கும் இதே பாடம்தான். புறப்படும் முன், படகு ஆடாமல் நிற்கும்போது, அளவுகோலை இழுத்துப் பாருங்கள். இரு கோடுகளுக்கு இடையே இருக்கவேண்டும். மேல்கோட்டைத் தாண்டினாலும் தவறு, எண்ணெய் நுரைத்துவிடும்.

எண்ணெய் கறுத்திருந்தால் பயப்படவேண்டாம். டீசலில் அது இயல்பு. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இயந்திரத்தை ஓட்டாதீர்கள், போமெனை அழையுங்கள். ஊற்றாமலேயே அளவு ஏறி டீசல் வாடையும் வந்தால், எரிபொருள் கசிகிறது.

கடைக்குப் போகுமுன்

* இயந்திரத் தகட்டையும் கையேட்டின் எண்ணெய்ப் பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். கடைக்காரர் சொல்வதைவிடக் கையேடு சொல்வதே முடிவானது.

* கியர்பெட்டிக்குத் தனியாகப் பாருங்கள். சில வகைகள் எஸ்.ஏ.இ. 30 இயந்திர எண்ணெயையும், சில வகைகள் கார் ஆட்டோ கியர் எண்ணெயையும் கேட்கும்.

* கிலோமீட்டர் கணக்கு இங்கே இல்லை; மணிக்கணக்குதான். பல சிறிய இயந்திரங்களுக்கு 250 மணி நேரம் அல்லது ஓர் ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. வடிகட்டியையும் சேர்த்து மாற்றுங்கள்.

* படகை நீண்டநாள் கட்டிவைப்பதாக இருந்தால், கட்டுமுன் எண்ணெயை மாற்றுங்கள். பழைய எண்ணெயில் உள்ள அமிலம் படகு சும்மா கிடக்கும்போதும் அரித்துக்கொண்டிருக்கும்.

* கழிவு எண்ணெயைக் கடலிலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள். மலேசியச் சட்டத்தில் அது எஸ்.டபிள்யூ. 305 என்று பட்டியலிடப்பட்ட கழிவு. உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் சேர்க்கவேண்டும்.

இவை எதற்கும் பெரிய செலவில்லை. ஒரு நாள் மீன்பாட்டை இழப்பதோடும், நடுக்கடலிலிருந்து படகை இழுத்துவரும் கூலியோடும் ஒப்பிட்டால் ஓர் எண்ணெய் மாற்றத்தின் விலை சொற்பம். அடுத்த முறை படகுத்துறைக்குப் போகும்போது, முதல் வேலையாக அந்தத் தகட்டைப் படமெடுத்துவிடுங்கள்.